ஊடாடும் கட்டளைவரி நிரல்களோடு தானியக்க உரையாடல்

மனிதர் ஒருவர் டெர்மினல் முன் உட்கார்ந்து தட்டச்சு செய்வார் என்று எண்ணி எழுதப்பட்ட நிரலை, அவருக்குப் பதிலாக இன்னொரு நிரலே இயக்கும் முறை. கருவியின் கேள்வியைப் படித்து, பதிலை அனுப்பி, அடுத்த கேள்விக்குக் காத்திருப்பதே அதன் வேலை.

இதன் தேவை தொழிற்சாலையில் பளிச்சென்று தெரியும். சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடம் கார்களுக்கு மட்டுமன்றி மின்னணுக் கருவிகளுக்கும் பேர்போனது. நோக்கியாவின் கைபேசி ஆலை 2006 முதல் 2014 வரை இங்கே இயங்கியது. 2024 செப்டம்பரில் சிஸ்கோ, பிளெக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சென்னைப் பகுதியில் ரவுட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போதுதான் பூட்டி முடித்த ரவுட்டர் பலகைக்குத் திரையும் இருக்காது, ஐபி முகவரியும் இருக்காது. அதோடு பேச சீரியல் கன்சோல்தான் வழி. யு-பூட் என்ற தொடக்க ஏற்றி கொண்ட பலகை, மின்சாரம் வந்ததும் சில நொடிகள் எண்ணிக் காட்டும். அதற்குள் ஒரு விசை அழுத்தப்படாவிட்டால் இயங்குதளத்தை ஏற்றப் போய்விடும். நாள் முழுக்க ஆள் வைத்து அந்த விசையைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது.

கணினிக்குள் ஓடும் நிரலோடு பேச எல்லாரும் முதலில் நாடுவது பைப். பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா என்று சி மொழி நூலகம் பார்க்கிறது. டெர்மினல் என்றால் வரிக்கு வரி அனுப்பும். பைப் என்றால் பஃபர் நிறையும்வரை, லினக்ஸில் பொதுவாக 4,096 பைட்டுகள் சேரும்வரை, கையிலேயே வைத்துக்கொள்ளும். கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்க, பதில் சொன்ன நிரலோ அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். இரண்டிலும் பிழையில்லை, ஆனால் இரண்டும் நகராது. பாஸ்வேர்ட் கேட்கும் எஸ்எஸ்ஹெச் இன்னும் ஒரு படி மேல்: வழக்கமான உள்ளீட்டைத் தொடாமல் டெர்மினலையே நேராகத் திறந்து படிக்கிறது.

இதற்கு மருந்து போலி டெர்மினல். 1983-இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இது உண்டு. இயங்குதளம் இரு முனைகளைத் தருகிறது. ஒரு முனையை உண்மை டெர்மினல் என்றே நிரல் நம்பும். மறுமுனை இயக்குபவர் கையில் இருக்கும். எண் 3 கொண்ட பைட்டை அனுப்பினால், கண்ட்ரோல்-சி அழுத்தியதுபோல் நிரல் நிற்கும். அனுப்பியதெல்லாம் எதிரொலியாகத் திரும்பி வருவதும் வண்ணக் குறிகள் பதிலில் கலப்பதும் இதோடு வரும் தொல்லைகள். விண்டோஸில் இதற்கு இணையான வசதி 2018 அக்டோபர் பதிப்பில்தான் வந்தது. நியாயமாகப் பார்த்தால் மிகத் தாமதம்.

இந்த வேலையைச் சாமானிய நிரலாளருக்கும் எட்ட வைத்தது எக்ஸ்பெக்ட். அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டில் டான் லைப்ஸ் இதை உருவாக்கி 1990-இல் அறிமுகப்படுத்தினார். அவர் பணிபுரிந்தது அங்கிருந்த உற்பத்தித் துறை ஆய்வுப் பிரிவில் என்பது பொருத்தம்தான். நிரலைத் தொடங்கு, இன்ன சொல் வரும்வரை பார், இதை அனுப்பு என்று சில கட்டளைகளே போதும். எதிர்பார்த்தது 10 நொடியில் வராவிட்டால், வேறு ஏற்பாடு இல்லாதவரை, அது மேலே நகர்ந்துவிடும். பைத்தானின் பெக்ஸ்பெக்ட் இதே வழியில் வந்தது. அது ஒவ்வொரு முறையும் அனுப்புவதற்கு முன் 0.05 நொடி தயங்கும். பாஸ்வேர்ட் கேட்ட நிரல் எதிரொலியை அணைப்பதற்குள் பதில் போய்விட்டால் ரகசியம் திரையில் தெரிந்துவிடும் என்பதே காரணம். மனித வேகத்துக்கு எழுதிய நிரலிடம் எந்திரமும் மனிதர்போல் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் கடினம், எதிர் நிரல் பேசி முடித்துவிட்டதா என்று அறிவது. ரவுட்டரின் ப்ராம்ப்ட் முடிவில் வரும் # குறி, பதிலின் நடுவிலும் வரலாம். நீண்ட பதில் பாதியில் நின்று ‘மோர்’ என்று கேட்கும். சிஸ்கோ கருவிகளில் பக்க நீளத்தைச் சுழியமாக்கி அதைத் தவிர்ப்பார்கள். ஷெல் என்றால் ப்ராம்ப்டையே வேறெங்கும் வராத சொல்லாக மாற்றிவிடுவது நல்ல உத்தி. அப்படியும் மென்பொருளின் அடுத்த பதிப்பில் ஒரு சொல் மாறினால் ஸ்கிரிப்ட் முறியும்.

2002-இல் இணையக் கட்டமைப்புக் குழு கூட்டிய பட்டறையில் வலையமைப்பு இயக்குநர்கள் இக்குறைகளைப் பேசினர். அதைத் தொடர்ந்து, வலையமைப்புக் கருவிகளோடு நிரல்களே பேசுவதற்கான நெட்கான்ஃப் நெறிமுறை 2006-இல் தரமாக வந்தது. அதில் ஒவ்வொரு செய்தியும் ]]>]]> என்ற ஆறு குறிகளோடு முடிந்தது. அதுவும் போதாமல், 2011-இல் வந்த திருத்தம் ஒவ்வொரு துண்டுக்கும் முன்பாக அதன் பைட் எண்ணிக்கையைச் சொல்லிவிடும் முறைக்கு மாறியது.