கோப்பு வந்துவிட்டது, சொந்தக்காரர் எங்கே?

பேக்கப்பில் இருந்த கோப்புகளை இன்னொரு கணினியில் மீட்டெடுக்கிறோம். எண்ணிக்கை சரி, அளவு சரி. ஆனால் சொந்தக்காரர் மட்டும் வேறு யாரோ! லினக்ஸ் சர்வர்களோடு மாரடிப்பவர்களுக்கு இது பழகின தலைவலி. எங்கள் கணினிப் பிரிவு நண்பர்கள் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, இதன் ஆதி எங்கே என்று கொஞ்சம் தோண்டினேன். பி.காம் படித்தவன் கண்ணுக்கு இது ஒரு லெட்ஜர் கதையாகவே தெரிந்தது :-)

1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யுனிக்ஸைத் தொடங்கினார்கள். அதில் கோப்போடு சொந்தக்காரரின் பெயரை எழுதவில்லை; ஓர் எண்ணை மட்டும் வைத்தார்கள். அதுதான் யுஐடி. ஆரம்பத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பைட். எந்த எண் யாருடையது என்கிற பட்டியல், பாஸ்வேர்ட் கோப்பில் தனியாக இருந்தது.

கையால் எழுதிய லெட்ஜர் காலத்து ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். ஃபோலியோ எண் லெட்ஜரில், பெயர் இண்டெக்ஸில். லெட்ஜரை மட்டும் தூக்கிக்கொண்டு போய் வேறு கிளை இண்டெக்ஸோடு வைத்துப் படித்தால், 27-ம் ஃபோலியோ யாரோ ஒருவருடையதாகிவிடும்.

1979 ஜனவரியில் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'டார்' அறிமுகமானது. டேப்பில் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் தலைப்பு. அதிலும் எண்கள்தான், பயனர் பெயர் கிடையாது. எழுதின கணினியிலேயே திரும்ப இறக்கும்வரை குறையொன்றுமில்லை. அலுவலகத்தில் கணினிகள் பெருகியபோதுதான் வம்பு. இங்கே 101 ஒருவர், அங்கே 101 வேறொருவர். 1988-ல் வந்த போசிக்ஸ் தரம், எண்ணோடு பெயரையும் தலைப்பில் சேர்த்தது. பெயருக்கு 32 பைட்.

இன்று பரவலாக இருக்கும் குனு டாரின் விதி இதுதான். ரூட்டாக இருந்து மீட்டெடுத்தால் முதலில் பெயரைத் தேடும். அந்தப் பெயர் இந்தக் கணினியில் இருந்தால் இங்குள்ள எண்ணைப் போடும், இல்லாவிட்டால் பழைய எண்ணையே போடும். சாதாரணப் பயனராக மீட்டெடுத்தால் எல்லாம் உங்கள் பெயருக்கே வந்து சேரும்.

நியாயமான விதிதான். ஆனால் மீட்பு சிடியில் பூட் செய்து டேப்பை இறக்கும்போது காலை வாரிவிடும். டார் பார்ப்பது அந்த சிடியின் பயனர் பட்டியலை. அதில் உள்ள எண்ணைக் கோப்பில் போட்டுவிடும். மறுபடி பூட் செய்தால், உங்கள் சர்வரில் அந்த எண் வேறு யாருக்கோ சொந்தம். இதற்குத்தான் பெயரைப் பார்க்காமல் எண்ணையே போடச் சொல்லும் 'நியூமரிக் ஓனர்' விருப்பத்தை வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணம். ரெட் ஹாட் லினக்ஸ் 6 வரை சாதாரணப் பயனர்கள் 500-ல் தொடங்கினார்கள். 2014-ல் வந்த 7-ம் பதிப்பில் தொடக்கம் 1000. பழைய பேக்கப்பைப் புதியதில் இறக்கும்போது, அந்தப் பெயர்கள் அங்கே இல்லையென்றால் கோப்புகள் 500, 501 என்று அனாதையாக நிற்கும்.

என்ன பெரிய ஆபத்து என்கிறீர்களா? சொந்தக்காரர் மட்டுமே படிக்கலாம் என்று பூட்டிய சம்பளக் கோப்பு, எண் மாறினால் இன்னொருவருக்குத் திறந்துகொள்ளும். பூட்டு அப்படியே இருக்கிறது, சாவி கைமாறிவிட்டது. எந்த எச்சரிக்கையும் வராது.

சரிசெய்யும் வரிசை எளிது. முதலில் டேப்பில் உள்ள பெயர், எண் இரண்டையும் பட்டியலிட்டுப் பாருங்கள். பயனர்களையும் குழுக்களையும் முன்கூட்டியே உருவாக்குங்கள். ரூட்டாக மீட்டெடுங்கள். பிறகு சொந்தக்காரர் இல்லாத கோப்புகளை 'ஃபைண்ட்' கட்டளையால் தேடி, பழைய எண்ணுக்குப் புதிய எண்ணை மாற்றுங்கள். மொத்தக் கோப்பகத்தையும் ஒருவர் பெயருக்கு எழுதிவைக்கும் குறுக்குவழி மட்டும் வேண்டாம். யாருடையது எது என்ற கடைசித் தடயமும் அதோடு போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேக்கப்போடு பாஸ்வேர்ட், குரூப் கோப்புகளின் நகலையும் வையுங்கள். இண்டெக்ஸ் இல்லாத லெட்ஜரை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.