முடா வயல்களும் மாதிரியின் எண்களும்

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பட்டர்வொர்த்தை ஒட்டி மாக் மண்டின் தொழிற்பேட்டை வளர்ந்துவந்த காலத்தில், அதற்கு வடக்கே, பழந்தமிழர் கடாரம் என்றறிந்த கெடாவிலும் பெர்லிஸிலும் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைவிக்கும் முடா நீர்ப்பாசனத் திட்டம் உலக வங்கிக் கடனுதவியுடன் உருவாகி, 1970இல் செயற்படத் தொடங்கியது. கூடுதலாக விளைந்த நெல்லை அளப்பது எளிது. உழவர் கைக்கு வந்த பணம் கடைக்கும் ஆலைக்கும் கூலிக்குமாக வட்டாரத்துக்குள் எவ்வளவு சுழன்றது என்பதை அறியவோ ஒரு பொருளாதார மாதிரி வேண்டியிருந்தது.

கிளைவ் பெல், பீட்டர் ஹேசல், ரோஜர் ஸ்லேட் ஆகிய மூவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல், இதற்கெனச் சமூகக் கணக்கு அணியைக் கையாண்டது. ஒவ்வொரு தொழிலுக்கும் குடும்ப வகைக்கும் அரசுக்கும் ஒரு நிரையும் ஒரு நிரலும் ஒதுக்கி, நிரையில் வரவையும் நிரலில் செலவையும் எழுதி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கும்படி அமைப்பதே இந்த அணி.

வெவ்வேறு மூலங்களிலிருந்து திரட்டிய புள்ளிவிவரங்கள் தாமாக ஒத்துப்போவது அரிது. அவற்றைச் சரிக்கட்டும் முறையொன்றை 1960களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஸ்டோனும் ஆலன் பிரௌனும் பரவலாக்கினர். ஒரு நிரையின் கூட்டுத்தொகை 100 ஆக வேண்டிய இடத்தில் 80 மட்டுமே இருந்தால், அதிலுள்ள எண்கள் அனைத்தையும் 1.25ஆல் பெருக்குவர், அதனால் நிரல்கள் பிசகும், நிரல்களைத் திருத்தினால் நிரைகள் மீண்டும் பிசகும், ஆயினும் சுற்றுக்குச் சுற்று பிசகு குறைந்து, பெரும்பாலும் அட்டவணை நிலைகொண்டுவிடும். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக டெமிங்கும் ஸ்டீபனும் 1940இலேயே இதே வழியைக் காட்டியிருந்ததைப் பொருளியலார் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

சமன்செய்த அட்டவணையை மாதிரி அப்படியே திரும்பத் தரும்படி அதன் கெழுக்களைப் பின்னோக்கிக் கணிப்பதே அளவுப்பொருத்தம் எனப்படுகிறது. 100 வெள்ளி செலவிடும் குடும்பம் அரிசிக்கு 30 வெள்ளி கொடுத்தால், அரிசியின் பங்கு 0.30 என்று கொள்ளப்படும். ஆனால் விலை ஏறினால் அக்குடும்பம் எவ்வளவு குறைத்து வாங்கும் என்பதை ஓராண்டு அட்டவணை சொல்லாது. அந்த நெகிழ்ச்சியை வேறு ஆய்வுகளிலிருந்து கடன்வாங்க நேர்கிறது. இவ்வகை மாதிரிகளின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

திட்டத்தால் வேளாண்மையில் நேரடியாகக் கிடைத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் மேலும் ஏறத்தாழ 80 காசு வருமானம் வட்டாரத்துக்குள்ளேயே பிறந்தது என்பது முடா ஆய்வின் முடிவு. பினாங்கில் செய்த பொருளை முடா உழவர் வாங்கினால், அந்தப் பணம் வட்டாரத்தைவிட்டு வெளியேறியதாகவே கணக்கில் ஏறும். எல்லையைச் செபராங் பிறைவரை நீட்டியிருந்தால் 80 காசு என்பதே உயர்ந்திருக்கும். எனவே அவ்வெண்ணை மலேசியா முழுமைக்கும் உரியதாக எடுத்தாள்வது பிழை.