மறைவதற்கல்ல, தெரிவதற்கு

யுத்த காலத்தில் வர்ணம் பூசுவதென்பது பெரும்பாலும் மறைப்பதற்கான கலையாகவே இருந்து வந்துள்ளது. இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது போர் விமானங்களின் முதுகிலே மண்ணின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் பூசினார்கள். மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு அது வயலாகவும் காடாகவும் தோன்ற வேண்டும். வயிற்றிலே வானத்தின் நிறத்தைப் பூசினார்கள். கீழிருந்து பார்ப்பவனுக்கு அங்கு எதுவும் இல்லையென்றே தோன்ற வேண்டும்.

ஆனால் அதே யுத்தத்தில் வேறொரு வகை விமானங்களும் பறந்தன. அவை பளிச்சென்ற மஞ்சள் நிறம் பூண்டிருந்தன. பக்கங்களில், எட்டத்தில் நின்றே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்துகளும் எண்களும் இருந்தன. என்னைப் பார், நான் இங்கே இருக்கிறேன் என்று கூவுவது போன்ற கோலம் அது. அவைதாம் பயிற்சி விமானங்கள். நேயர்களே, அந்த மஞ்சள் நிறமும் அந்த எழுத்துகளும் யாருடன் பேசின, என்ன பேசின என்பதைத்தான் இன்று நாம் சற்று ஆராயப் போகின்றோம்.

அமெரிக்காவில் ஒரு விமானியை மூன்று கட்டங்களில் உருவாக்கினார்கள். முதற்கட்டத்தில் இரட்டை இறக்கை கொண்ட எளிய விமானம். இரண்டாம் கட்டத்தில் அதிலும் கனமானது. மூன்றாவது உயர்நிலைப் பயிற்சி. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்கள். இந்த மூன்றாம் கட்டத்தில் புகழ்பெற்றது ஏ.ரி-6 என்ற விமானம். டெக்ஸாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் பெருந்தொகையாகத் தயாரிக்கப்பட்டதால் அமெரிக்கர் அதனை 'டெக்ஸன்' என்றனர். பிரித்தானியரும் கனேடியரும் 'ஹாவார்ட்' என்றனர். 600 குதிரை வலுக் கொண்ட இயந்திரம்; உள்ளிழுத்துக்கொள்ளும் சக்கரங்கள். 15,000க்கும் அதிகமானவை உலகெங்கும் பறந்தன. போர் விமானத்தின் குணங்கள் பலவும் அதற்கு இருந்தன, குறும்புகள் உட்பட. தரையிறங்கிய பின்னரும் கவனம் பிசகினால் சட்டெனத் திரும்பி ஓர் இறக்கையை நிலத்தில் தேய்த்துவிடும். சக்கரத்தை இறக்க மறந்து வயிற்றால் வந்திறங்கிய மாணவர்களும் இருந்தார்கள்.

கனடாவின் கதை இன்னும் விரிவானது. 1939 டிசம்பர் 17ஆம் திகதி ஒட்டாவாவில் கைச்சாத்திடப்பட்ட பொதுநலவாய விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ், யுத்தம் முடிவதற்குள் ஒரு இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் அதிகமான விமானிகளும் ஏனைய விமான ஊழியர்களும் தேறி வெளியேறினர். நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிக் கல்லூரிகள். கோதுமை வயல்களின் நடுவே ஓடுபாதைகள். அந்த வானமெல்லாம் மஞ்சள் நிற ஹாவார்ட் விமானங்கள்.

இப்போது அடையாளங்களுக்கு வருவோம். ஒரே வார்ப்பில் வந்த நூற்றுக்கணக்கான விமானங்கள். அருகருகே பல தளங்கள். நேற்றுவரை பள்ளி மாணவர்களாயிருந்த விமானிகள். எது எந்தத் தளத்துக்குரியது? இந்தச் சிக்கலைத் தீர்க்கவே அமெரிக்கத் தளங்கள் தத்தம் விமானங்களின் பக்கங்களில் பெரிய எண்களை எழுதின. பல தளங்கள் தமக்கென ஓர் எழுத்தையும் முன்னால் சேர்த்துக்கொண்டன. இயந்திர மூடியில் நிறப்பட்டை தீட்டிக்கொண்ட தளங்களும் உண்டு.

அந்த எழுத்துகளுக்கு வேறொரு வேலையும் இருந்தது. இருபது வயது இளைஞனின் கையில் 600 குதிரை வலுவைக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா? காதலியின் வீட்டுக் கூரைக்கு மேலாக, மாட்டுப் பண்ணைக்கு மேலாக, மரங்களை உரசிக்கொண்டு பறந்து பார்ப்பான். கீழே நிற்கும் விவசாயி அந்த எண்ணை வாசித்துத் தளத்துக்கு அறிவித்துவிட்டால் மாணவனின் கதி அதோகதிதான். யுத்தத்தின் முடிவையொட்டி இதையே அமெரிக்க விமானப்படை ஒரு பொது முறையாக்கியது. ஏ.ரி-6 விமானத்துக்கு 'ரி.ஏ.' என்ற ஈரெழுத்தும் தொடரிலக்கத்தின் இறுதி மூன்று எண்களும் வழங்கப்பட்டன.

விமானத்துக்கு அடையாளம் இருந்ததுபோலத் தளத்துக்கும் அடையாளம் இருந்தது. பிரித்தானிய விமானத்தளங்களில் ஈரெழுத்துக் குறி ஒன்றைத் தரையிலே பெரிதாக வைத்திருந்தார்கள். இரவில் ஒரு சிவப்பு விளக்கு மோர்ஸ் சங்கேதத்தில் ஈரெழுத்துகளை மின்னி மின்னிக் காட்டும். எதிரி கண்டுபிடித்துவிடாதிருக்க, அவ்விளக்கைத் தளத்திலிருந்து சில மைல் தள்ளி வைத்து அடிக்கடி இடம் மாற்றுவார்கள். எங்கே வைத்திருக்கிறது என்பது நம் பையனுக்கு மட்டுமே தெரியும். வாசலில் விளக்கேற்றி வைத்துவிட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாயின் செயலுக்கு இதைவிட நெருங்கிய ஒன்றை யுத்த தளபாடங்களுக்குள் காண்பதரிது.

ஆக, இந்தக் குறிகள் எதிரியுடன் பேசியவை அல்ல. சொந்த மக்களுடன் பேசியவை. வாகனம் பழகுவோரின் காரிலே 'எல்' என்ற பலகையைத் தொங்கவிடுகின்றோமே, அதுபோலத்தான். இவன் இன்னும் பழகுகிறான், சற்று விலகிப் போங்கள் என்பதே அதன் பொருள்.

அந்த வேண்டுதல் எப்போதும் பலித்ததா? இல்லை. அமெரிக்கப் பெருநிலத்திலேயே, எதிரியின் குண்டெதுவும் படாமல், பயிற்சியிலும் ஏனைய பறப்புகளிலும் ஏறத்தாழ 15,000 அமெரிக்க விமானப்படையினர் யுத்த காலத்தில் மாண்டனர். அந்த இழப்பின் பொருளை ஒரு கவிஞனின் கதை மிக நன்றாகச் சொல்லும்.

ஜோன் கில்லெஸ்பி மகீ 1922இல் ஷங்ஹாயில் பிறந்தவன். அமெரிக்கத் தந்தை, ஆங்கிலத் தாய். அமெரிக்கா யுத்தத்தில் இறங்குவதற்கு முன்பே கனேடிய விமானப்படையில் சேர்ந்து, ஒட்டாவாவுக்கு அருகே அப்லாண்ட்ஸ் தளத்தில் ஹாவார்ட் விமானத்தில் உயர்நிலைப் பயிற்சி பெற்றான். 1941இல் இங்கிலாந்து சென்று 'ஹை பிளைட்' என்ற சிறு கவிதையை எழுதிப் பெற்றோருக்கு அனுப்பினான். பறத்தலின் பரவசத்தைப் பாடும் அக்கவிதையின் சொற்களை, 1986இல் சலஞ்சர் விண்ணோடம் வெடித்தபோது ஜனாதிபதி ரீகன் தமது இரங்கலுரையில் எடுத்தாண்டார்.

1941 டிசம்பர் 11ஆம் திகதி, லிங்கன்ஷயரின் மேலே, மகீயின் 'ஸ்பிட்பயர்' முகிலுக்குள்ளிருந்து கீழிறங்கியது. அங்கே ஒரு விமானம் வந்துகொண்டிருந்தது. அது கிரான்வெல் தளத்தைச் சேர்ந்த 'ஒக்ஸ்போர்ட்' பயிற்சி விமானம். இரண்டும் மோதின. இரு விமானிகளும் மாண்டனர். மகீக்கு வயது 19. ஒக்ஸ்போர்டை ஓட்டிய பயிற்சி மாணவனுக்கும் வயது 19தான்.

ஒருவனை உலகம் அறியும்; அவனது கவிதை பாடநூல்களில் இருக்கிறது. மற்றவனோ அவனுடைய கதையின் கடைசி வரியில் வரும் "ஒரு பயிற்சி விமானம்". பயிற்சி விமானங்களுக்கு மஞ்சள் பூசியது, மற்றவர்கள் பார்த்து விலகட்டும் என்பதற்காகத்தான். முகிலுக்கு அந்த மொழி தெரியவில்லை.

முகிலாவது அறியாமல் செய்தது. அறிந்தே அந்த மொழியை அழித்தவர்களும் உண்டு. ஜப்பானியக் கடற்படையும் பயிற்சிப் பிரிவுகளின் விமான வாலிலே தளத்தின் பெயரை எழுத்தாக இட்டது. சுகுபா பிரிவின் விமானங்களில் 'ட்சு' என்ற ஒற்றை ஜப்பானிய எழுத்து. அவர்களது 93ஆம் வகை இடைநிலைப் பயிற்சி விமானம் செம்மஞ்சள் நிறத்தது. அதனால் மக்கள் அதைச் 'செந்தும்பி' என்று செல்லமாக அழைத்தனர். 1945இல் யுத்தம் கைமீறியபோது செந்தும்பிகளின் மீது கரும்பச்சை பூசி, குண்டு கட்டி, தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பினார்கள். மரமும் துணியும் கொண்ட அந்த மெதுவான விமானங்களுள் ஒன்று, 1945 ஜூலை 29ஆம் திகதி அதிகாலை ஒக்கினாவாவுக்கு அப்பால் அமெரிக்க நாசகாரிக் கப்பலான 'கலகன்' மீது மோதி அதனை மூழ்கடித்தது. கப்பலில் 47 பேர் இறந்தனர். யுத்தம் முடிய இன்னும் மூன்று வாரங்கள்கூட இருக்கவில்லை.

கரும்பச்சை பூசப்பட்ட அந்தக் கணத்தில் மறைந்தது ஒரு நிறம் மட்டுமல்ல. இவன் பழகுகிறான், இவன் திரும்பி வரவேண்டியவன், இவனுக்கு ஒரு தளம் உண்டு என்று ஒரு சமூகம் தன் பிள்ளைகளைப் பற்றிக் கொடுத்திருந்த வாக்கும் மறைந்தது. யுத்தங்களின் வரலாற்றை வென்ற நிலங்களைக் கொண்டு அளப்பார்கள். பழகும் பிள்ளையின் மேலிருந்த மஞ்சள் எப்போது அழிக்கப்பட்டது என்பதைக் கொண்டும் அளக்கலாம்.