பழைய பெட்டி, புதிய பாகம்: எதை முதலில் மாற்றுவது?

நம் ஊரில் கம்ப்யூட்டர் பெட்டி முழுவதையுமே ‘சி.பி.யூ.’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சி.பி.யூ. என்பது அதற்குள் ஒரு சின்ன மின்விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும், பிஸ்கட் அளவுள்ள சில்லு மட்டும்தான். பெயர் ஒன்றே என்பதால் பெட்டியும் ஒரே பொருள் என்ற நினைப்பு வந்துவிட்டது. பேரன் “கேம் ஓடமாட்டேங்குது தாத்தா” என்றால், “புதுசுதான் வாங்கணும் போல” என்கிறோம். ஆனால் அது பல பாகங்கள் சேர்ந்த கூட்டுக் குடும்பம். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவரைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டையே காலி செய்ய வேண்டியதில்லை. யாரை முதலில் கவனிப்பது என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கைக்காசு வீணாகாமல் இருக்க அது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தியது. ஃப்ளோரிடா மாநிலத்தில் போகா ரேட்டன் என்ற ஊரில், டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான ஒரு சிறு குழு சுமார் ஒரே வருடத்தில் உருவாக்கியது. அவ்வளவு அவசரத்தில் எல்லாவற்றையும் தாங்களே செய்ய முடியாது என்று பல பாகங்களை வெளியில் வாங்கிப் பொருத்தினார்கள். உள்ளே கூடுதல் கார்டுகளைச் செருக ஐந்து ஸ்லாட்டுகள் வைத்தார்கள். கணக்குப் போடும் துணைச் சில்லைப் பிற்பாடு வாங்கிப் பொருத்திக்கொள்ள ஒரு காலி இடமும் விட்டார்கள். அடிப்படை மாடலில் நினைவகம் வெறும் 16 கிலோபைட், வசதிப்பட்டபோது கூட்டிக்கொள்ளலாம். ஆப்பிள் 2 இயந்திரத்தில் 1977-லேயே எட்டு ஸ்லாட்டுகள் இருந்தன என்றாலும், உலகம் முழுக்கப் பரவியது ஐ.பி.எம். வழிதான். அது சர்க்யூட் விவரங்களைக் கையேடாகவே வெளியிட்டதால் மற்றவர்களும் கார்டு செய்தார்கள். பிறகு கம்ப்யூட்டரையே செய்தார்கள். சென்னை ரிச்சி தெருவில் நாம் பாகம் பாகமாக வாங்கி ‘அசெம்பிள்’ செய்த பெட்டிகளெல்லாம் அந்த வம்சம்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு காலத்திலும் ஒரு பாகம் மற்ற பாகங்களைக் காக்க வைத்தது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியில் சாதம் வெந்துகொண்டே இருக்கும். பரிமாற ஆள் இல்லையென்றால் இலை காலியாகத்தான் கிடக்கும். இன்னும் இரண்டு சமையல்காரரை அழைத்து வந்து பயனில்லை.

1993 டிசம்பரில் ‘டூம்’ என்ற விளையாட்டு வந்தது. 386 பிராசசரும் 4 மெகாபைட் ராமும் இருந்தால் ஓடும் என்றார்கள். ஓடியது, ஆனால் நொண்டியது. 486 வைத்திருந்தவர்களுக்குத்தான் வழுக்கிக்கொண்டு ஓடியது. அப்போது காக்க வைத்தது பிராசசர். 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது முறை ராமுக்கு மாறியது. 4 மெகாபைட்டே போதும் என்று அட்டையில் போட்டிருந்தாலும், 8 இருந்தால்தான் நிம்மதி. எங்கள் அலுவலகத்தில் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு எழுதிய கோப்பு மேஜை மேஜையாக நகர்ந்துகொண்டிருந்த வேளையில், இருக்கிற இயந்திரத்துக்கு 4 மெகாபைட் ராம் கூட்டிக்கொடுத்தார்கள். அடுத்த நாளே புகார் நின்றது. கோப்பு அதன் பிறகும் சில மாதங்கள் நகர்ந்தது.

1996 ஜூனில் வந்த ‘குவேக்’ இன்னொரு பாடம் சொன்னது. அது தசமக் கணக்கை நம்பிய முப்பரிமாண விளையாட்டு. இன்டெல் பெண்டியம் அதில் கெட்டிக்காரன். சைரிக்ஸ் 6எக்ஸ்86 என்ற சில்லு அலுவலக வேலைகளில் பெண்டியத்துக்கு ஈடுகொடுத்தது, விலையும் குறைவு. ஆனால் குவேக்கில் பின்தங்கியது. ஒரு பாகம் நல்லதா என்பது அதற்கு நாம் கொடுக்கும் வேலையைப் பொறுத்தது என்று அன்று பலர் புரிந்துகொண்டார்கள்.

அதே ஆண்டு இறுதியில் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடு’ கார்டு வந்தது. வேடிக்கையான பிறவி அது. இருக்கிற வீடியோ கார்டைக் கழற்ற வேண்டாம்; பக்கத்து ஸ்லாட்டில் இதைச் செருகி, ஒரு சின்னக் கேபிளால் இரண்டையும் இணைத்துவிட்டால், முப்பரிமாணப் படம் வரையும் வேலையை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். அதன் பின் ‘கேமுக்கு முதலில் கிராஃபிக்ஸ் கார்டு’ என்பது வேதவாக்கு ஆயிற்று. அந்த நிறுவனம் நிலைக்கவில்லை. 2000 டிசம்பரில் அதன் முக்கியச் சொத்துகளை என்விடியா வாங்குவதாக அறிவிப்பு வந்தது. வேதவாக்கு மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது.

இந்த வரலாற்றில் இன்னொரு சோகக் கதையும் உண்டு. 1997-லிருந்து கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கென்று ஏ.ஜி.பி. என்று தனி ஸ்லாட் இருந்தது. 2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்ததும் அது மெல்ல மறைந்தது. கடைசி நேரத்தில் விலையுயர்ந்த ஏ.ஜி.பி. கார்டு வாங்கியவர்களால் அடுத்த மதர்போர்டுக்கு அதைக் கொண்டுபோக முடியவில்லை. ராமும் அப்படித்தான், டி.டி.ஆர்.4 வகை டி.டி.ஆர்.5 போர்டில் ஏறாது. ஆனால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்கிறது. 1995-ல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு முறையால் நல்ல கேபினெட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அடுத்த இயந்திரத்துக்கும் பெரும்பாலும் கொண்டுபோகலாம்.

ஆக, காசை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை இரண்டு. மற்றவர்களைக் காக்க வைப்பது யார்? வாங்கும் பொருள் அடுத்த பெட்டிக்கும் கூட வருமா?

கல்லூரியில் படிக்கும் என் பேரனுக்கு இதைச் செய்து காட்ட ஒரு வாய்ப்பு வந்தது. 2016-ல் அவன் அப்பா வாங்கிக் கொடுத்த பெட்டி. ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜி.பி. ராம் ஒரே ஸ்டிக்காக, ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு, பழைய ஹார்ட் டிஸ்க். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் முழுவதையும் புதிய கிராஃபிக்ஸ் கார்டில் போடத் தயாராக இருந்தான். “ஒரு சோதனை பண்ணிட்டு வாங்கலாம்டா” என்றேன். விளையாட்டில் படத்தின் அளவை 1080-லிருந்து 720-க்குக் குறைக்கச் சொன்னேன். வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. வேகமோ கொஞ்சம்கூடக் கூடவில்லை. கார்டு சும்மா நிற்கிறது, பின்னால் வேறு யாரோ தாமதிக்கிறார்கள் என்று பொருள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். ராம் நிரம்பி வழிந்தது. ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

ஹார்ட் டிஸ்க்கின் சிரமம் எளிய கணக்கு. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். தேடும் தகவல் முள்ளுக்கு அடியில் வரவே சராசரியாக அதில் பாதி. முள் நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டு இல்லை. மில்லிசெகண்டின் சிறு பகுதியில் பதில் வந்துவிடும். எஸ்.எஸ்.டி. போட்டால் கேமின் உச்ச வேகம் கூடாது. ராம் நிரம்பி டிஸ்க்கிடம் போய் நிற்கும்போது வருகிற திக்கல்தான் தீரும்.

முதலில் தூசி தட்டினோம். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பார்த்தோம். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஸ்லாட் வழியே 75 வாட்தான் கிடைக்கும், மிச்சத்தை எஸ்.எம்.பி.எஸ்.தான் தர வேண்டும். அது நலிந்திருந்தால் மேலே போடும் எதுவும் நிலைக்காது. நல்லவேளை, அது திடமாக இருந்தது. பிறகு ஒரு எஸ்.எஸ்.டி.யும், பழைய ராம் ஸ்டிக் ஒன்றும் வாங்கினான். ராம் அடுத்த பெட்டிக்கு வராமல் போகலாம், ஆனால் செலவு சிறிது. எஸ்.எஸ்.டி. கூடவே வரும். வேகத்தின் எண் பெரிதாக ஏறவில்லை. விளையாட்டு நடுவில் நின்று நின்று போனது மட்டும் நின்றது. கார்டுக்கான பணத்தில் பெரும்பகுதி அவனிடமே இருக்கிறது.

அது அடுத்த கட்டத்துக்குத் தேவைப்படும். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆறாம் தலைமுறைச் சில்லை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. பிராசசர், மதர்போர்டு, ராம் மூன்றையும் அவன் ஒருநாள் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்போதும் கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி., கிராஃபிக்ஸ் கார்டு நான்கும் மிஞ்சும். பாதிக் குடும்பம் பழைய வீட்டிலிருந்தே வரும்.

இன்று பல லேப்டாப்களில் ராமை மதர்போர்டோடு பற்றவைத்தே விற்கிறார்கள். அங்கே ‘எதை முதலில்’ என்று கேட்கவே வழியில்லை. வாங்கும் நாளில் எடுத்த முடிவே கடைசி முடிவு. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் விலைக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: “இதுல பின்னாடி எதையெல்லாம் மாத்த முடியும்?”