சயாம் இரயில் பாதைக்குப் பின்: வட சிலாங்கூர்த் தோட்டப்புறத் தமிழரின் மீளுருவாக்கம்

முன்னுரை

சூறைக்காற்று ஓர் ஊரைச் சாய்த்துவிட்டால் அதன் சேதம் கண்ணுக்குத் தெரியும். விழுந்த கூரைகளை எண்ணலாம், மீண்டும் வேயலாம். 1942க்கும் 1945க்கும் இடையில் மலாயாத் தோட்டப்புறங்களைத் தாக்கிய பேரழிவு வேறு தன்மையது. லயத்து வீடுகள் நின்றன, பால்மரங்களும் நின்றன, அவ்வீடுகளில் வாழ்ந்த ஆண்களுள் பலர் இல்லை. சயாம் மரண இரயில் பாதையைப் பற்றி நாவல்களும் ஆய்வுகளும் வெளிவந்துள்ளன. ஆயினும், அதன் பின்னர் எஞ்சியோர் தம் வாழ்வை எவ்வாறு மீட்டெடுத்தனர் என்னும் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. கோல சிலாங்கூர் வட்டாரத்தையும் வட சிலாங்கூர்த் தோட்டங்களையும் மனத்திற்கொண்டு அவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போருக்கு முந்தைய தோட்டப்புறம்

சிலாங்கூர் மாநிலத்தில் காப்பிப் பயிர் நலிந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பரவியது. மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டமும் இவ்வட்டாரத்திலேயே அமைந்தது. 1917ஆம் ஆண்டு, பத்தாங் பெர்ஜுந்தையை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அடுத்த தென்னமாரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைத் தொடங்கினார்.

இத்தோட்டங்களின் உழைப்பாளர்களுள் பெரும்பகுதியினர் கங்காணி முறை வழியாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். ஆள் குறைந்தால் கங்காணி ஊருக்குச் சென்று புதியவர்களை அழைத்து வருவார் என்பதே அக்காலத்து வழக்கம். ஆனால் 1938ஆம் ஆண்டு இந்திய அரசு, மலாயாவிற்கு உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர்களைத் தடைசெய்தது. இத்தடை, பின்னர் நேர்ந்த இழப்பின் பொருளையே மாற்றிவிட்டது என்பதை இங்கு நாம் மனங்கொள்ள வேண்டும்.

ஆள்பிடிப்பும் அழிவும்

ஜப்பானியர் ஆட்சியில் ரப்பருக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விட்டு அகன்றிருந்தனர். அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. இந்நிலையில், நாளொன்றுக்கு ஒரு வெள்ளிக் கூலியும் உணவும் தரப்படும், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள்சேர்த்தனர். விரும்பிச் செல்வோர் குறைந்தபோது தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கேட்கப்பட்டது. பெயர்ப்பட்டியல் எழுதும் வேலை கிராணிமார், கங்காணிகள் கைக்கு வந்தது. இலவசத் திரைப்படம் காண வந்தோரை வளைத்துப் பிடித்த நிகழ்வுகளும் உண்டு. சிலாங்கூர்த் தோட்டங்களும் இதற்கு விலக்கல்ல.

சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களும் அதில் இடப்பட்டன. மலாயாவிலிருந்து சென்றோர் 75,000க்கும் மேற்பட்டவர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் இறந்தோரின் தொகை, போருக்குப் பிந்தைய அதிகாரக் கணக்கின்படியே ஏறத்தாழ 30,000 ஆகும். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளிக்கோ பெயர் பொறித்த கல் இல்லை.

எஞ்சியோரின் உழைப்பு

போர் முடிந்தபின் திரும்பியோர் சிலர்; திரும்பாதோர் பலர். இறப்புச் செய்தி முறையாக அறிவிக்கப்படாமையால், கணவன் உயிருடன் உள்ளானா என்பதை அறியாமலே மனைவி காத்திருந்தாள். தாலியைக் கழற்றுவதா, கருமாதி செய்வதா என்பதைக்கூட முடிவு செய்ய இயலாத நிலை அது. மீளுருவாக்கம் இந்த நிச்சயமின்மையிலிருந்தே தொடங்கியது.

லாலான் புல் மண்டிய தோட்டங்களைத் துப்புரவாக்கி, மீண்டும் பால் வெட்டு நடைபெறச் செய்ததில் பெண்களின் பங்கு பெரிது. விடியுமுன் பெரட்டுக் களத்திற்கு வந்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆண்களுக்கு நிகராக மரம் வெட்டினர். கங்காணி ஊருக்குச் சென்று புதிய ஆட்களைக் கொணரும் வழி அடைபட்டிருந்தது. எனவே, இழந்த கைகளுக்கு ஈடாகத் தோட்டத்திலேயே பிறந்த பிள்ளைகளே வளர்ந்து வரவேண்டியிருந்தது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் இதனை உறுதிசெய்கின்றன. சிங்கப்பூரையும் உள்ளடக்கிய மலாயாவில் 1931இல் ஏறத்தாழ 6,20,000ஆக இருந்த இந்தியர் தொகை, 1947இல் 6,00,000ஆகக் குறைந்தது. அதே காலத்தில், இம்மண்ணில் பிறந்தோரின் விகிதம் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஏறத்தாழ பாதியாக உயர்ந்தது. எண்ணிக்கையில் சுருங்கிய ஒரு சமூகம் அக்காலத்திலேயே இங்கு வேர்விட்டது எனலாம்.

அமைப்புகளும் புதிய சோதனைகளும்

மீட்சி தடையின்றி நடைபெறவில்லை. 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் பல தோட்டங்களின் லயங்கள் முள்வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. எனினும் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தமிழ்ப்பள்ளிகள் பெருகி, 1957இல் நாடெங்கும் 888 ஆயின. தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இழப்பீடு மட்டும் உரியவரை அடையவில்லை. 1967ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜப்பான் 2 கோடியே 50 லட்சம் வெள்ளி மதிப்புள்ள உதவியை மலேசியாவிற்கு வழங்க இசைந்தது. அது அரசுக்கிடையிலான ஏற்பாடு; சயாமில் மாண்டவரின் குடும்பத்திற்கென அதில் தனிப் பங்கு எதுவும் இல்லை.

முடிவுரை

ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் மாண்டோரின் நினைவைக் காத்தன. 2023இல் காஞ்சனபுரியில் மலேசியத் தமிழரின் முயற்சியால் நடுகல்லும் எழுந்தது. சென்று மடிந்தவருக்கு இவ்வாறு காலந்தாழ்ந்தேனும் ஒரு கல் கிடைத்தது. தோட்டத்தில் எஞ்சிப் பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவருக்கு அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. அவர்கள் வாழ்ந்த லயங்களும் இன்று ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. தோட்டத்துப் பள்ளிப் பதிவேடுகள், கோயில் கணக்கேடுகள், முதியோரின் வாய்மொழி ஆகியவற்றைத் திரட்டுவது நம் துறையினர் உடனே மேற்கொள்ள வேண்டிய பணியாகும். அழிவின் வரலாறு எழுதப்பட்டுவிட்டது. மீட்சியின் வரலாற்றை எழுதும் கடமை நம்முடையது.