இடப்பள்ளிப் புனிதரும் சேவற்கொடியோனும்

கொச்சித் தமிழர்க்கு இடப்பள்ளி அயலூரன்று. ஏப்ரல் இறுதியில் அங்குள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தில் திருவிழா தொடங்கியதும், சமய வேறுபாடு பாராது மக்கள் திரள்வதையும், கோழியும் சேவலும் நேர்ச்சையாகக் கொணர்வதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். குதிரைமீது அமர்ந்து, கீழே நெளியும் வலுசர்ப்பத்தை ஈட்டியால் குத்தும் வீரரின் உருவைக் கண்ட நம் குழந்தைகள், “இவரும் நம் முருகனைப் போல் அசுரனை வென்றவரா?” என்று வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடை தேடுவதே இச்சிறு கட்டுரை.

ஜார்ஜ் ஓர் உரோமானியப் படைவீரர். டயோக்ளீஷியன் பேரரசன் கிறித்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில், கி.பி. 303-ஆம் ஆண்டையொட்டி, தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்துப் பாலஸ்தீனத்து லித்தா நகரில் உயிர் துறந்தார் என்பது மரபு. அவரைப் பற்றிய மிகப் பழைய வரலாறுகளில் வலுசர்ப்பம் இல்லை. ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டில்தான் அக்கதை அவரோடு இணைந்தது. 13-ஆம் நூற்றாண்டில் வொராஜினே ஊரினரான யாக்கோபு என்னும் இத்தாலியத் துறவி தொகுத்த புனிதர் கதைகளால் அது ஐரோப்பா முழுதும் பரவிற்று.

கதை இதுவே: லிபிய நாட்டுச் சிலேனா நகரத்தார், ஏரியில் வாழ்ந்த வலுசர்ப்பத்திற்கு நாளும் இரண்டு ஆடுகளை இரையாக அளித்தனர். ஆடுகள் குறைந்தபின் சீட்டுக் குலுக்கித் தம் மக்களையே அனுப்பினர். ஒருநாள் சீட்டு அரசன் மகள்மீது விழுந்தது. அவ்வழியே வந்த ஜார்ஜ், தமக்கு உறவும் ஊரும் அல்லாத அப்பெண்ணுக்காகப் போரிட்டு வென்றார்.

இப்புனிதர் மலையாள நாட்டிற்கு ஐரோப்பியர் வழியாகவே வந்தார் என எண்ணுதல் பிழையாகும். இங்குள்ளோர் அவரை அழைக்கும் ‘கீவர்கீஸ்’ என்னும் பெயர் சிரியாக் மொழியின் வடிவம். மேலைக் கப்பல்கள் வருமுன்பே நிலைத்த சிரியத் தொடர்பின் சான்று அது. இடப்பள்ளித் தேவாலயம் கி.பி. 594-இல் தோன்றியது என்று பரம்பரையாகக் கூறுவர். வயலும் தோப்பும் சூழ்ந்த இந்நாட்டில் மக்கள் அஞ்சியது பாம்பை. ஆகவே, வலுசர்ப்பத்தை வென்றவர் இங்கே பாம்புக்கடியினின்று காப்பவரானார். எந்நாட்டுக் கதையாயினும், அதில் வரும் கொடிய விலங்கு அவ்வந்நாட்டு அச்சத்தின் உருவையே கொள்கிறது.

இனி நம் முருகன். கச்சியப்பர் பாடிய கந்தபுராணத்தின்படி, மாமரமாய் நின்ற சூரபதுமனை வேல் பிளக்க, ஒரு கூறு மயிலாயிற்று. மற்றொரு கூறு சேவலாயிற்று. பகைவனையே ஊர்தியாகவும் கொடியாகவும் ஏற்றருளியது நம் கதையின் தனிச்சிறப்பு. திருச்செந்தூரில் கந்த சஷ்டிதோறும் நிகழும் சூரசம்ஹாரம் இதனையே நினைவூட்டுகிறது. இடப்பள்ளிச் சேவல் நேர்ச்சைப் பொருள். முருகன் சேவல் அருள்பெற்ற பகைவன். இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் இரு மரபுக்கும் நீதியாகாது. எனினும் ஒன்றில் இருவரும் ஒப்பர். அவர் இளவரசிக்காகப் போரிட்டார். இவன் சிறைப்பட்ட தேவர்க்காகப் போரிட்டான். தமக்கெனப் போரிட்டார் இருவரும் அல்லர்.

பாலஸ்தீனத்தில் மாண்ட வீரர் இன்று நம் அண்டை வீட்டாரின் ‘வர்க்கீஸ்’ என்னும் பெயரில் வாழ்கிறார். பிழைப்பு நாடி வந்த நாம், நம் குழந்தைகளுக்கு இரு கதைகளையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அண்டை வீட்டார் கதையை அறியாத பிள்ளை இவ்வூரில் அந்நியனாவான். தன் கதையை மறந்த பிள்ளை தன் வீட்டிலேயே அந்நியனாவான். அடுத்த திருவிழாவிற்குச் செல்லும் வழியிலேயே சூரபதுமன் கதையையும் சொல்லத் தொடங்குவோமாக.