வெண்ணீரும் நீலநீரும்: கண் அழுத்த நோயின் வரலாறு



தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தில் உருது பேசும் நம் வீடுகளில் முதியோரின் பார்வை மங்கினால், "மோதியா வந்துவிட்டது, முற்றட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறுவது வழக்கம். அந்த ஒரு சொல்லுக்குள் இரு நோய்கள் அடங்கியுள்ளன. ஒன்று 'ஸஃபேத் மோதியா' எனும் கண்புரை. காலம் தாழ்த்திச் செய்தாலும் அறுவை சிகிச்சை பெரும்பாலும் பார்வையை மீட்டுத் தரும். மற்றொன்று 'காலா மோதியா' எனும் கண் அழுத்த நோய். மருத்துவர்கள் கிளாக்கோமா என்பர். இதில் இழந்த பார்வை திரும்புவதில்லை. எஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும்.

அரபு மொழியிலும் இவ்விரண்டிற்கும் பெயர் ஒட்டியே அமைந்துள்ளது. புரை 'வெண்ணீர்', அழுத்த நோய் 'நீலநீர்'. பெயரால் நெருங்கிய இவ்விரு நோய்களையும் பிரித்தறிய மனிதகுலம் பல நூற்றாண்டுகள் உழைத்திருக்கிறது.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலை அரபியில் இயற்றினார். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலீ இப்னு ஈஸா எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' கண் மருத்துவர்களின் கையேடாக நெடுங்காலம் விளங்கியது. அக்காலக் கண் மருத்துவர்கள் புரையை ஊசியால் அகற்றுமுன் ஒரு சோதனை செய்தனர். ஒரு கண்ணை மூடும்போது மறு கண்ணின் பாவை விரிகிறதா என்று கவனித்தனர். விரியவில்லையெனில் குறை நரம்பில் உள்ளது, ஊசியால் பயனில்லை என முடிவு செய்தனர். 14ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஸதகா இப்னு இப்ராஹீம் அஷ்ஷாதிலி, தலைவலியோடு கூடிய ஆழ்ந்த கண்வலி பார்வையைப் பறிப்பதைப் பதிவு செய்தார்.

ஆயினும் மருந்து கிடைக்கவில்லை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை அமைத்த பிறகே, உயிருள்ள மனிதரின் பார்வை நரம்பு நலிவதைக் கண்ணால் காண முடிந்தது. 1857இல் ஜெர்மானியரான கிரேஃபே ஒருவகை அறுவை சிகிச்சையை வெளியிட்டார். அது திடீரென வரும் வகைக்கு உதவியது. மெல்ல வளரும் வகைக்கோ அதனால் போதிய பயனில்லை.

அதற்கான வழிகளுள் ஒன்று நம் தமிழ் மண்ணில் உருவானது. சென்னையில் 1819இல் தொடங்கப்பட்டு, இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனையில் 1904 முதல் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரந்து, நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. அவ்வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு நலிகிறது. கருவிழியும் வெண்விழியும் சேருமிடத்தில் சிறு வட்டத் துளையிட்டு, அந்நீர் வெளியேறப் புதுவழி அமைத்தார் எலியட். 1909இல் அவர் வெளியிட்ட இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. 1968இல் அறிமுகமாகி இன்றும் செய்யப்படும் டிரபெகுலெக்டமியும் புதுவழி அமைக்கும் அதே கருத்தின் மீதே நிற்கிறது.

இத்தகைய மண்ணில் இன்றைய நிலை என்ன? 2003இல் வெளியான, தென் தமிழகக் கிராமங்களில் நடந்த அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வில், நோய் கண்டறியப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு அந்நோய் இருப்பதையே அறிந்திருக்கவில்லை. மெல்ல வளரும் வகையில் வலியோ சிவப்போ இல்லை. பக்கப் பார்வை சிறிது சிறிதாகக் குறைகிறது. நேர்ப்பார்வை கடைசிவரை நிற்பதால் குர்ஆன் ஓதுவதற்குக்கூடத் தடை தெரிவதில்லை.

ஆகவே நாற்பது வயதைக் கடந்தோர் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சேர்த்தே பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் இயல்பாக இருந்தும் நரம்பு நலிவதுண்டு. கண்ணாடிக்கு எண் பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் இன்னும் முன்னதாகவே பார்ப்பது நலம். தூசியாலோ வெல்டிங் வெளிச்சத்தாலோ கண் சிவந்தால், மருத்துவரைக் கேளாமல் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கிப் பல நாள் இடுவது கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும். திடீர்க் கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ரமழானைப் பற்றியும் ஒரு சொல். நோன்பு முறியும் என்ற அச்சத்தால் சிலர் பகலில் சொட்டு மருந்தை நிறுத்திவிடுகின்றனர். கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது என்பதே ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் நிலைப்பாடு. தொண்டைக்கு வருவதை விழுங்காதிருந்தால் நோன்புக்குக் குறையில்லை என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்துள்ளது. மருந்திட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரு நிமிடம் மெல்ல அழுத்திக்கொண்டால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் பெரிதும் குறையும். மருந்தை விட்ட மாதத்தில் நலிந்த நரம்பு, ஈதுக்குப் பின் மீள்வதில்லை.

பார்வை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவது தவக்குலுக்கு முரணாகாது. இந்த ஜும்ஆவுக்குப் பின் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: "உங்களுக்கு வந்திருப்பது எந்த மோதியா?" விடை தெரியாதெனில் முற்றும்வரை காத்திராமல் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ பெங்களூரிலோ ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் செவிகளையும் பார்வைகளையும் வாழ்நாள் முழுதும் காத்தருள்வானாக! ஆமீன்.